ஓரகத்தியை முந்த நான் குறித்த கார்த்திகைக் கல்யாணம்

நம் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் கூடும் அக்கா தங்கைகள் அத்தனை பேருக்கும் சண்முகக்கனியின் வணக்கம். இந்தப் பக்கத்தில் போன மாதங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். ஒருவருக்கு வயிற்றுக் கட்டி கரைந்தது. ஒருவருக்கு மகன் பிழைத்து எழுந்தான். படித்துப் படித்துக் கண்ணீர் விட்டேன். எனக்கு வந்த வியாதிக்கு மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது. அதன் பெயர் பொறாமை. இருபத்தாறு வருடம் அது என்னைத் தின்றது. போன கார்த்திகையில் என்னைச் சேர்ந்தவர்களையும் தின்னப் பார்த்தது. மாரியம்மன் தடுத்தாள். அதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

என் மகள் மதியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அது. அந்தமானில் ஒரு தீவு. பகல் ஒரு மணி. படகுத்துறையில் தலை முதல் கால் வரை நனைந்துகொண்டு நின்றேன். காலையில் கிளம்பிய படகு வந்து சேரவில்லை. அதில் என் வீட்டுக்காரர் இருந்தார். மாப்பிள்ளையும் அவரைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். என் ஓரகத்தி ராஜேஸ்வரி அக்காவும் இருந்தார். போன் எதுவும் வேலை செய்யவில்லை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அவர்கள் அத்தனை பேரையும் அந்தக் கடலில் இறக்கிவிட்டது நான்தான். எப்படி என்று முதலில் இருந்து சொல்கிறேன்.

ராஜேஸ்வரி அக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. சிவகாசியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அண்ணன் தம்பி தொழிலைப் பிரித்துக்கொண்டபோது பெரியவருக்குப் பட்டாசுக் கம்பெனியும் அச்சகமும் போயின. எங்களுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கம்பி மத்தாப்பு யூனிட் வந்தது. மத்தாப்பைத்தான் என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கினார். ஆகவே பங்கில் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அதனால் மற்ற எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தேன்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், அக்கா வைத்த சாம்பாரை மாமனார் இரண்டு முறை கேட்டு ஊற்றிக்கொள்வார். என் சாம்பாரை ஒரு முறை ஊற்றிவிட்டு மோருக்குப் போய்விடுவார். நான் அதை மனதுக்குள் எண்ணிக்கொண்டே பரிமாறினேன். அக்கா வீட்டு மாடியில் துணி துவைக்கும் மெஷின் ஓடினால் என் அடுக்களைக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கூட என்னைப் பார்த்துச் சிரிப்பது போலத்தான் இருக்கும். அவர் முடி நரைக்கவில்லை என்று ஒரு தீபாவளி முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அம்மனுக்குத் தெரிந்ததை உங்களிடம் மறைத்து என்ன பயன்?

இத்தனைக்கும் அந்த மனுசி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

போன ஆவணியில் ஒரு சாயங்காலம் அக்கா தட்டில் லட்டு வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"கனி, கீர்த்தனாவுக்குத் தையில முகூர்த்தம் வச்சாச்சு. மண்டபம் இல்ல. அந்தமான்ல கடற்கரையிலேயே பந்தல் போட்டுக் கல்யாணமாம். மாப்பிள்ளை வீட்டுல ஆசப்படுதாக" என்றார்.

கீர்த்தனா அவர் மகள். என் மதிக்கும் அப்போது மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். காரியாபட்டியில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம், பையன் பிரபு சென்னையில் வேலை பார்க்கிறான். தேதி மட்டும்தான் குறிக்கவில்லை. உள்ளூர் மண்டபம் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். அக்கா லட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒங்களுக்கு எங்கன, எப்ப?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

என் வாய் அதுவாகவே பேசியது.

"எங்களுக்கும் அந்தமான்தான் அக்கா. கார்த்திகையில."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. மூக்கு வழியாகக் காப்பி வந்தது.

அக்கா முகம் மாறியது. "கார்த்திகையா? வேண்டாம் கனி. அங்கன கார்த்திகையில கடல் கெட்டுக் கெடக்குமாம். நாங்க நல்லா விசாரிச்சிட்டுத்தான் தை வச்சோம். தை, மாசியில கடல் தகடு மாதிரி இருக்குமாம்" என்றார்.

அந்த முகத்தில் கவலையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வேறு. நாம் முந்திவிடுவோம் என்று இவளுக்கு வயிறு எரிகிறது, அதனால்தான் தடுக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குள் இருந்ததைத்தான் அவர் முகத்தில் பார்த்தேன்.

அக்கா போன பிறகு வீட்டில் சண்டை.

"மாசியில வச்சுக்கிட்டா என்ன? மதினி சொல்றதுல ஞாயம் இருக்குல்ல" என்றார் வீட்டுக்காரர்.

"அவுகளுக்குப் பெறகு வச்சா, பாத்துக் காப்பி அடிச்சோம்னு ஊரே பேசும். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம்" என்றேன்.

மதி மட்டும் மெல்ல, "எனக்கு நம்ம ஊரு மண்டபமே போதும்மா" என்றாள். நான் காதில் வாங்கவே இல்லை.

கார்த்திகைக்கு என்னிடம் காரணங்களும் இருந்தன. பட்டாசுத் தொழில்காரர்களான நமக்கு வருடத்தில் இரண்டே காலம். தீபாவளிக்கு முன்பு, தீபாவளிக்குப் பின்பு. முன்பு என்றால் லோடு, ஆர்டர், லாரி என்று யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. தீபாவளி முடிந்தால் ஒரு மாதம் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். சொந்தக்காரர்கள் எல்லோரும் சும்மா இருப்பார்கள். கல்யாணத்துக்கு அதைவிட நல்ல சீசன் எது என்று கேட்டேன். மழையைப் பற்றி வீட்டுக்காரர் சொன்னபோது சிரித்தேன். நம்ம பக்கத்துக் கார்த்திகை மழை என்ன மழை? ஏழாயிரம்பண்ணையில் அரை மணி நேரம் பெய்யும். அடுத்த அரை மணி நேரத்தில் செம்மண் காய்ந்து புழுதி பறக்கும். மழைக்காகக் காத்துக் கிடந்து பழகிய எனக்கு, மழைக்குப் பயப்படத் தெரியவில்லை. நம் கரிசலையும் செம்மண்ணையும் வைத்து நான் கடலை அளந்தேன்.

அந்த ரிசார்ட்டுக்குப் போன் போட்டோம். அக்கா வீட்டில் பேசியிருந்த அதே ரிசார்ட்தான். அதே கடற்கரை, இரண்டு மாதம் முன்னால். அங்கே மேனேஜர் பரமக்குடிப் பக்கத்துக்காரர். "அம்மா, டிசம்பர் கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் இங்க சீசன். மே வந்துட்டா மழை. நவம்பர்ல புயல் பயம் இருக்கு. அதனாலதான் நீங்க கேக்குற நாள்ல ரிசார்ட்டே காலியா இருக்கு" என்று ஒளிக்காமல் சொன்னார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? ரிசார்ட் முழுக்கக் காலி என்பதை மட்டும் கேட்டேன். அம்மன் எனக்காகவே காலி செய்து வைத்திருக்கிறாள் என்று சூடம் ஏற்றினேன்.

இனிமேல் எழுதப் போவது கை கூசும் விஷயம்.

தீபாவளி முடிந்த முதல் வெள்ளிக்கிழமை. தொழில் நல்லபடியாக முடிந்ததற்கு எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து அம்மனுக்குப் பூஜை வைப்பது வழக்கம். சன்னதியில் பெண்கள் வரிசையில் நான் நின்றேன். எனக்கு அடுத்து ராஜேஸ்வரி அக்கா. தீபாராதனைக்கு மணி அடித்தார்கள். காது அடைக்கிற சத்தம். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டே வேண்டினேன்.

"ஆத்தா, என் மக கல்யாணம்தான் ஊர் வாயில நிக்கணும். அவ மக கல்யாணத்தன்னைக்கு வானத்தப் பொத்து ஊத்து. பந்தல் நனையணும். ஒருத்தரும் அவ கல்யாணத்தப் பத்திப் பேசக்கூடாது. ஒனக்கு மாவிளக்கு எடுக்கேன்."

இதைக் கேட்டேன். அம்மனிடம் கேட்டேன். ஒரு பெண் பிள்ளையின் கல்யாணத்துக்கு, என் வீட்டில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளையின் கல்யாணத்துக்கு, மழையைக் கேட்டேன்.

அது மட்டுமில்லை. கல்யாணப் பயணத்தை நான்தான் திட்டம் போட்டேன். துறைமுக ஊரில் விமானம் இறங்கும். அங்கிருந்து எங்கள் தீவுக்குப் படகில் இரண்டரை மணி நேரம். நானும் மதியும் சமையல்காரர்களும் சில உறவுகளும் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே தீவுக்குப் போய்விடுவது. மாப்பிள்ளை வீட்டாரும் அவர்களுக்குத் துணையாக என் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலைப் படகில் வருவது. அக்காவை என்னோடுதான் கூட்டிப் போயிருக்க வேண்டும். பெரியம்மா இல்லாமல் பெண்ணுக்கு நலுங்கா? ஆனால் அக்கா முதலிலேயே வந்தால் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும்போது முன்னால் நிற்பார். எல்லோரும் அவரைத்தான் பெண்ணின் அம்மா என்று நினைப்பார்கள். அதனால் டிக்கெட் இல்லை என்று பொய் சொல்லி அவரை இரண்டாவது படகில் போட்டேன். விருந்தாளியாக வந்து இறங்கட்டும், நான் பன்னீர்ச் செம்போடு நின்று 'வாங்க' என்று சொல்கிறேன் என்று திட்டம்.

அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி கனி, மாப்பிள்ளை வீட்டு ஆளுகளுக்கும் ஒரு பொம்பள தொண வேணும்ல" என்றார்.

நாங்கள் போன அன்று தீவு பளிச்சென்று இருந்தது. வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர். நான் போட்டோ எடுத்து அக்காவுக்கு ஏழு அனுப்பினேன். மறுநாள் காற்று கொஞ்சம் திரும்பியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. கடற்கரையில் போட்ட பந்தலை எட்டு மணிக்கே காற்று பிடுங்கிவிட்டது. வாழைமரம் இரண்டும் சாய்ந்தன. எட்டரைக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். "படகுல ஏறிட்டோம். லேசாத் தூறுது. வந்துருவோம்" என்றார். அதற்குப் பிறகு போன் செத்துவிட்டது.

பதினொரு மணிக்கு வந்திருக்க வேண்டும். பன்னீர்ச் செம்போடு துறையில் நின்றேன். பன்னிரண்டு ஆனது. எங்கள் படகுக்குப் பின்னால் கிளம்ப வேண்டிய படகுகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள் என்று துறையில் இருந்த ஆள் சொன்னார். எங்கள் படகு எங்கே என்று கேட்டேன். வயர்லெஸ்ஸில் பதில் இல்லை என்றார். அலை துறை மேலேயே ஏறி அடித்தது. செம்பு கை நழுவி உருண்டு தண்ணீருக்குள் போனது. நான் குனிந்து எடுக்கவில்லை.

மதி குடையில்லாமல் ஓடி வந்தாள். கையில் மருதாணி. என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, பெரியம்மா கார்த்திகை வேண்டாம்னு சொன்னாகல்ல?" என்றாள்.

"சொன்னாக."

"அப்பாவும் சொன்னாக."

"ஆமா."

"எனக்காகவாம்மா இங்க வந்தோம்?"

அவளுக்காக வரவில்லை. உள்ளூர் மண்டபமே போதும் என்றவள் அவள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருத்தியின் முகத்தைப் பார்ப்பதற்காக என் பிள்ளையின் கல்யாணத்தைக் கடல் தாண்டித் தூக்கி வந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்ட மழைதான் இது. வானத்தைப் பொத்து ஊற்று என்று நான் கேட்ட அதே மழை. மாசமும் விலாசமும் மாறி என் வாசலுக்கு வந்திருக்கிறது.

அந்தச் சிமெண்டுத் தரையில் அப்படியே முழங்கால் போட்டு விழுந்தேன். சூடம் இல்லை, பூ இல்லை. முந்தானையில் முடிந்திருந்த குங்குமம் நனைந்து கரைந்து ஓடியது. கத்தினேன்.

"ஆத்தா, நான் வச்ச வேண்டுதல நீ திருப்பிக் கொடுத்துரு. எனக்கு வேண்டாம். நான் கேட்டது தப்பு. ராஜேஸ்வரி அக்காவக் காப்பாத்து. என் வீட்டுக்காரரக் காப்பாத்து. அந்த மாப்பிள்ளைப் பையன், அவன் தாய் தகப்பன், எல்லாத்தையும் கரை சேத்துரு. என் மக கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும். எம் மூஞ்சில ஊர் காறித் துப்பட்டும். பங்குனியில ஒனக்கு அக்கினிச் சட்டி எடுக்கேன். நான் கேட்டத மறந்துரு ஆத்தா."

பிறகு யோசித்தபோது ஒன்று கவனித்தேன். என் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் அக்கா பெயர்தான் என் வாயில் வந்திருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் அந்தப் பெயரை அம்மனிடம் நல்லதுக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. மதியும் என்னோடு மண்டி போட்டு அழுதாள். மூன்று மணி இருக்கும். துறையில் இருந்த ஆள் அறைக்குள் இருந்து ஓடி வந்தார். கையை ஆட்டிக்கொண்டே வந்தார். படகு பாதி வழியில் இன்ஜினோடு போராடி, வழியில் ஒரு சின்னத் தீவின் மறைவில் ஒதுங்கி நின்று, காற்று கொஞ்சம் அடங்கியதும் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பிவிட்டதாம். ஒருவருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. அந்த ஆள் காலிலேயே விழுந்துவிட்டேன். அவர் பதறிப் போனார்.

உயிர் தப்பியது. கல்யாணம் தப்பவில்லை. மறுநாளும் படகு விடவில்லை. தாலி சம்பந்தியம்மா பையில், கடலுக்கு அந்தப் பக்கம். முகூர்த்த நேரம் வந்தது, போனது. என் மகள் வீட்டில் கட்டும் பருத்திச் சேலையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மருதாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சமையல்காரர் செய்த கேசரியை யாரும் தொடவில்லை. நல்ல நேரத்தில் தாலி ஏறவில்லை என்றால் நம் பக்கம் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். தடங்கல் என்பார்கள். பெண்ணின் ராசி என்பார்கள். என் தப்புக்கு என் மகள் தலையில் பழி விழப் போகிறது என்று நான் மனதுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். ஆத்தா, உயிரைத்தானே கேட்டேன், கொடுத்துவிட்டாய், இனி நான் எதுவும் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் கடல் அடங்கியது. நாங்கள் படகேறித் துறைமுக ஊருக்கு வந்தோம். லாட்ஜ் வாசலில் வீட்டுக்காரர் நின்றார். ஒரே நாளில் பத்து வயது கூடிப் போயிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். தனியாகக் கூட்டிப் போய்ப் படகில் நடந்ததைச் சொன்னார்.

படகு ஆட ஆரம்பித்ததும் சம்பந்தியம்மாவுக்கு வாந்தி. நிற்கவே இல்லையாம். "இந்தக் கல்யாணமே வேண்டாம், என்னையும் எம்புள்ளையையும் கரையில விட்டாப் போதும்" என்று அலறியிருக்கிறார். பிரபுவின் அப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ராஜேஸ்வரி அக்காதான் படகின் தரையில் உட்கார்ந்து சம்பந்தியம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாராம். அக்காவுக்கும் வாந்திதான். ஒரு கையால் தன் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கையால் அந்த அம்மாவின் தலையைப் பிடித்திருந்தாராம். கரை சேரும் வரை நான்கு மணி நேரம்.

"மதினி என்ன சொன்னாக தெரியுமா?" என்றார் வீட்டுக்காரர். "'மாரியாத்தா கல்யாணத்த நிறுத்தலம்மா, படகத்தான் திருப்புனா. ஒங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளை ராசியிலதான் நாம அம்புட்டுப் பேரும் உசுரோட கரை ஏறப் போறோம், பாருங்க'ன்னாக. கரை ஏறுனதும் சம்பந்தியம்மா மொதல் பேச்சா மதி எப்படி இருக்கான்னுதான் கேட்டாக."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அக்காவை அந்தப் படகில் ஏற்றியது என் பொறாமை. வேறு யார் அந்தப் படகில் இருந்திருந்தாலும் என் மகள் வாழ்வு அங்கேயே முடிந்திருக்கும். என் பொல்லாத புத்தியைக்கூட அம்மன் வீணாக்காமல் எடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

அக்கா அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறி இருந்தது. என்னைப் பார்த்ததும் பாதிப் பழத்தை நீட்டினார்.

"கனி, நான் சம்பந்திகிட்டப் பேசிட்டேன், தையில கடல் அடங்கிக் கெடக்கும்னதும் சரின்னுட்டாக. எங்க மாப்பிள்ளை வீட்டுலயும் போன்ல கேட்டுட்டேன். கார்த்திகையில இனி நாள் தேடி அலைய வேண்டாம். மார்கழி ஆகாது. கீர்த்தனாவுக்கு வச்ச தை முகூர்த்தத்துலேயே மதிக்கும் வச்சிருவோம். ஒரே நாள், ஒரே பந்தல். ரெண்டு பிள்ளைகளும் அக்கா தங்கச்சிதான" என்றார்.

என்னால் அந்தப் பழத்தை வாங்க முடியவில்லை. அவர் அப்படிக் கொடுக்காமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட் பொய்யைச் சொன்னேன். அன்றைக்குச் சன்னதியில் என்ன வேண்டினேன் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, அடி விழும் என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியும்" என்றார் அக்கா.

நிமிர்ந்து பார்த்தேன்.

"மணி அடிச்சு நிறுத்தின பெறகும் நீ நிறுத்தலயேடி. பந்தல் நனையணும்ங்கறதுல இருந்து தெளிவாக் கேட்டுச்சு. பூசாரி கூடத் திரும்பிப் பாத்தாரு."

எனக்கு உயிரே போனது. "தெரிஞ்சுமா அக்கா வந்தீக? தெரிஞ்சுமா அந்தப் படகுல ஏறுனீக?"

"ரெண்டு நாள் ஒம் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். மதி வந்து, பெரியம்மா எந்தச் சேல கட்டட்டும்னு கேட்டா. அவளுக்கு என்ன சொல்ல?" என்றார். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இப்ப ஒரே பந்தலா வச்சிட்டேன்ல. மழை பெய்யணும்னு கேட்ட வாயி, பெய்யக் கூடாதுன்னு இனிக் கேட்டுத்தான ஆகணும்? ஒம்மகளும் அங்கனதான நிக்கப் போறா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் அழுதேன். சிரித்துக்கொண்டும் அழுதேன்.

தையில் கடல் அக்கா சொன்னபடியே தகடாகக் கிடந்தது. மேகம் என்று ஒரு பஞ்சு கூட இல்லை. காலைக் காற்றில் வேர்வையும் இல்லை, குளிரும் இல்லை. மேனேஜர், "இதுதாம்மா நான் சொன்ன சீசன்" என்றார். ஆனாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முழுக்க நான் வானத்தைப் பார்த்தபடியே இருந்தேன். கீர்த்தனாவுக்காக ஒரு தரம், மதிக்காக ஒரு தரம் என்று மாறி மாறி வேண்டினேன். கீர்த்தனா கழுத்தில் முதலில் தாலி ஏறியது. மூத்தவள் அவள், அதுதான் முறை. அடுத்து என் மதி. சம்பந்தியம்மா என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

பொறாமை அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கும் அக்கா கட்டியிருந்த சேலைக் கரையைப் பார்த்து ஒரு நொடி வயிற்றில் சுருக்கென்றது. ஆனால் இப்போது அது வந்தால் எனக்குத் தெரிகிறது. உடனே அக்காவிடம் போய், "அக்கா, ஒங்க சேலையப் பாத்து எனக்கு வயிறெரியுது" என்று சொல்லிவிடுகிறேன். "எரியட்டும், எரியட்டும்" என்பார். அடுத்த வாரம் அதே கரையில் எனக்கொன்று வாங்கி வந்துவிடுவார். அதற்கு நான் என்ன செய்ய?

பங்குனியில் அக்கினிச் சட்டி எடுத்தேன். கை பொசுங்கவில்லை. அக்கா வேப்பிலையோடு என் கூடவே நடந்து வந்தார். மாவிளக்கு எடுக்கவில்லை. கேட்டது நடக்காததற்குத்தான் அம்மனுக்கு நான் முதலில் நன்றி சொல்ல வேண்டும். நான் கேட்டதை எல்லாம் அவள் அப்படியே கொடுத்திருந்தால் இன்றைக்கு எனக்கு யார் இருந்திருப்பார்கள்?

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் மணிச் சத்தத்தின் மறைவில் கேட்கக் கூடாததைக் கேட்டிருப்போம். மாமியாருக்கு, நாத்தனாருக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு. கேட்டுவிட்டோமே, இனி எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது என்று ஒதுங்கிவிடாதீர்கள். போங்கள். அந்த வேண்டுதலைத் திருப்பிக் கொடுத்துவிடு தாயே என்று கேளுங்கள். அவள் கொடுப்பாள். பிறகு வெளியே வந்து, யாருக்கு எதிராகக் கேட்டீர்களோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கோயிலுக்குள் நிற்பதைவிட அந்தக் கதவுக்கு வெளியே நிற்பதுதான் கஷ்டம். அங்கேயும் அவள் கூடவே வந்து நிற்பாள். எனக்கு வந்து நின்றாள்.